அத்தியாயம் 7: இயங்குதளத்தை எழுப்பாமல் டிஸ்க்கைப் பிரிப்பது

சி டிரைவ் நிரம்பிவிட்டது. பக்கத்திலேயே டி டிரைவில் பாதி இடம் காலி. அதிலிருந்து கொஞ்சம் எடுத்து சி-க்குக் கொடுக்கலாம் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கிப்போய் நிற்கிறது, சொடுக்கினாலும் அசையவில்லை. இன்னொருவர் லினக்ஸ் போட இடம் ஒதுக்கப் பார்க்கிறார். சி-யில் 300 ஜிபி காலியாக இருந்தும், 'இவ்வளவுதான் சுருக்க முடியும்' என்று சொற்பமான ஓர் எண்ணைக் காட்டி விண்டோஸ் நின்றுவிடுகிறது. இந்த இருவருக்குமான அத்தியாயம் இது.

ஏன் வெளியிலிருந்து செய்ய வேண்டும்?

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது சி டிரைவில் ஆயிரக்கணக்கான கோப்புகள் திறந்தே இருக்கும். அவற்றுள் சிலவற்றை இடம் மாற்ற அதனால் முடியாது. நினைவகத்துக்குத் துணையாக இருக்கும் பேஜ் ஃபைல், ஹைபர்னேட் கோப்பு, என்டிஎஃப்எஸ்-இன் தலைமை அட்டவணையான எம்எஃப்டி ஆகியவை அந்த வகை. இவற்றில் ஒன்று டிரைவின் நடுவில் உட்கார்ந்திருந்தால், அதற்கு இடப்பக்கத்தில் எவ்வளவு காலியிடம் இருந்தாலும் விண்டோஸால் அந்த இடத்தைத் தாண்டிச் சுருக்க முடியாது.

லினக்ஸிலும் கதை இதேதான். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை மவுன்ட் ஆகியிருக்கும்போதே பெரிதாக்கலாம். சுருக்க வேண்டுமானால் அதை இறக்கியாக வேண்டும், அதாவது அன்மவுன்ட் செய்ய வேண்டும். இயங்குதளம் குடியிருக்கும் ரூட் பார்ட்டிஷனை இயங்கும்போதே இறக்க வழியில்லை.

ஆகவே பென் டிரைவிலிருந்து ஒரு சிறிய லினக்ஸை பூட் செய்கிறோம். அது நினைவகத்தில் ஓடுகிறது. உள்ளே இருக்கும் டிஸ்க்கின் எந்தப் பார்ட்டிஷனும் அப்போது பயன்பாட்டில் இருக்காது என்பதால் எதையும் சுருக்கலாம், நீட்டலாம், நகர்த்தலாம். இந்த வேலைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஜிபார்ட்டட். இலவசம், திறமூலம்.

ஆனால் எடுத்தவுடன் இதற்கு வந்துவிட வேண்டாம். சி-யைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், விண்டோஸே கேட்ட அளவைத் தருகிறது என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே முடித்துவிடுங்கள். கீழ்க்கண்ட நிலைகளில் மட்டும் வெளியிலிருந்து வாருங்கள்:

1. விண்டோஸ் தர மறுக்கும் அளவுக்குச் சி-யைச் சுருக்க வேண்டும்.
2. சி-யைப் பெரிதாக்க வேண்டும். ஆனால் அதன் வலப்பக்கத்தில் வேறு பார்ட்டிஷன் குறுக்கே நிற்கிறது.
3. லினக்ஸின் ரூட் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும்.
4. இயங்குதளம் பூட் ஆகவே மறுக்கிறது.

டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது?

பார்ட்டிஷன் டேபிள் என்பது டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் சிறிய பதிவேடு. ஊர் நிலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் பதிவு போன்றது அது. எந்த நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மட்டுமே அதில் இருக்கும். நிலத்தில் என்ன விளைகிறது என்பது இருக்காது. பதிவிலிருந்து ஒரு வரியை அடித்துவிட்டால் நிலம் காணாமல் போவதில்லை. இதை மனத்தில் வையுங்கள். அத்தியாயத்தின் கடைசிப் பகுதியில் தேவைப்படும்.

இந்தப் பதிவேட்டில் இரண்டு வகை. பழையது எம்பிஆர். 1983-இல் பிசி டாஸ் 2.0-வுடன் வந்தது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் வெறும் 64 பைட்தான் பார்ட்டிஷன்களுக்கு. ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கே நான்கு வரிகள். ஐந்தாவது வேண்டுமென்றால் நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி அதற்குள் பிரிக்க வேண்டும். வழக்கமான டிஸ்க்குகளில் 2 டிபி-க்கு மேல் அதனால் கணக்கு வைக்கவும் முடியாது. புதியது ஜிபிடி. யூஇஎஃப்ஐ முறையோடு வந்த இதில் வழக்கமாக 128 வரிகள் உண்டு. பதிவேட்டின் நகல் ஒன்றும் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும். விண்டோஸ் 11 ஏற்றி விற்கப்படும் மடிக்கணினி எல்லாமே ஜிபிடிதான்.

அடுத்து, அடுக்குகள் இரண்டு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பார்ட்டிஷன் என்பது எல்லை. அதற்குள் என்டிஎஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை இருக்கிறது. சுருக்கும்போது முதலில் உள்ளே இருக்கும் கோப்பு முறைமை சுருங்க வேண்டும்; பிறகுதான் எல்லை உள்ளே வரலாம். நீட்டும்போது முதலில் எல்லை விரிய வேண்டும். பிறகு கோப்பு முறைமை அதை நிரப்பும். வரிசை மாறினால் கோப்புகளின் வால் எல்லைக்கு வெளியே போய்விடும். ஜிபார்ட்டட் இந்த வரிசையைத் தானே பார்த்துக்கொள்கிறது.

ஆனால் அது உங்களிடம் விட்டுவிடும் ஒரு முடிவு உண்டு: வலது விளிம்பை அசைப்பதா, இடது விளிம்பை அசைப்பதா? இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

வலது விளிம்பை உள்ளே தள்ளும்போது, வெட்டப்படும் பகுதியில் இருக்கும் கோப்புகள் மட்டுமே இடம் மாறும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். இடது விளிம்பை அசைத்தால் பார்ட்டிஷனின் தொடக்கமே மாறுகிறது; எனவே உள்ளே இருப்பது மொத்தமும் துண்டு துண்டாகப் படிக்கப்பட்டு வேறிடத்தில் எழுதப்படுகிறது. முதலாவது பெரும்பாலும் நிமிடக் கணக்கு. இரண்டாவது மணிக்கணக்கு. அதன் நடுவில் மின்சாரம் போனால் பாதித் தரவு பழைய இடத்திலும் பாதி புதிய இடத்திலுமாக நிற்கும். அதைச் சேர்ப்பது மிகக் கடினம். வலது விளிம்பைத் துணிந்து தொடுங்கள். இடது விளிம்பைத் தொடும் முன் வேறு வழி இருக்கிறதா என்று ஒருமுறை யோசியுங்கள்.

முன்தயாரிப்பு

ஜிபார்ட்டட்டில் செய்யும் வேலை கொஞ்சம்தான். அது நல்லபடியாக முடிவதும் முடியாததும் இந்தப் பட்டியலைப் பொறுத்தது.

*பேக்கப்.* ஆவணங்கள், புகைப்படங்கள், குடும்ப வீடியோக்கள், அலுவலகக் கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். அதே டிஸ்க்கின் வேறொரு பார்ட்டிஷனில் வைப்பது பேக்கப் ஆகாது. நகலெடுத்தபின் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். மொத்த டிஸ்க்கையும் அப்படியே படியெடுக்க விரும்பினால் தைவானில் உருவான குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதுவும் பென் டிரைவிலிருந்தே பூட் ஆகும்.

*ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்.* விண்டோஸ் 8 முதல் வந்த வசதி இது. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் மையப் பகுதியை ஹைபர்னேட் செய்து வைத்துவிட்டுத்தான் தூங்குகிறது. அந்த நிலையில் உள்ள சி டிரைவை ஜிபார்ட்டட் சுருக்காது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் பக்கத்தில் 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்பதன் குறியை எடுத்துவிடுங்கள். பிறகு ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே 'ஷட் டவுன்' கொடுங்கள்.

*பிட்லாக்கர்.* நீங்கள் எதுவும் செய்யாமலே உங்கள் டிஸ்க் குறியாக்கம் ஆகியிருக்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைக்கப்பட்ட புதிய மடிக்கணினிகளில் இது சாதாரணம். செட்டிங்ஸில் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது 'பிட்லாக்கர்' என்று தேடுங்கள். இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்து, குறியாக்கம் முழுவதும் நீங்கும்வரை காத்திருங்கள். தற்காலிகமாக நிறுத்திவைப்பது போதாது. 48 இலக்க மீட்பு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் குறியாக்கத்தை மறக்காமல் மீண்டும் இயக்குங்கள்.

*சோதனை.* சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் 'டூல்ஸ்' பக்கத்தில் உள்ள 'செக்'கை ஓட்டுங்கள். பழுதான கோப்பு முறைமையைச் சுருக்கக் கூடாது. டிஸ்க்கே பழுதாகும் அறிகுறி தெரிந்தால், அதாவது கடகடவென்ற ஓசை கேட்டாலோ கோப்பு திறக்கத் திணறினாலோ, பிரிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டுத் தரவை வெளியே எடுக்கும் வேலையைப் பாருங்கள்.

*மின்சாரம்.* மடிக்கணினியை முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரையும் செருகியே வையுங்கள். மேசைக் கணினி என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

பென் டிரைவ் தயாரித்தல்

ஜிபார்ட்டட் லைவ் என்ற ஐஎஸ்ஓ கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். 2 ஜிபி பென் டிரைவே தாராளம். லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஏற்கெனவே கையில் இருந்தால் அதுவும் போதும். அதன் லைவ் திரையிலேயே ஜிபார்ட்டட் இருக்கிறது. விண்டோஸில் ரூஃபஸ் மென்பொருளைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓ-வையும் தேர்ந்தெடுத்து 'ஸ்டார்ட்' அழுத்துங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, இயக்கியவுடன் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பி-யில் எஃப்9, ஏசரில் எஃப்12, ஆனால் பயாஸ் அமைப்பில் அதை முதலில் அனுமதிக்க வேண்டியிருக்கும். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஜிபார்ட்டட் லைவ் விசைப்பலகை, மொழி, திரை என்று சில கேள்விகள் கேட்கும்; ஒவ்வொன்றுக்கும் என்டர் அழுத்தினால் போதும்.

திரையை நிதானமாகப் படியுங்கள்

திரையின் மேலே இடமிருந்து வலமாக நீண்ட பட்டை ஒன்று தெரியும். அதுதான் உங்கள் டிஸ்க். கீழே அதே விவரம் அட்டவணையாக இருக்கும். தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களை உறுதிசெய்யுங்கள்.

முதலில், இது எந்த டிஸ்க்? வலது மேல் மூலையில் உள்ள பெட்டியில் டிஸ்க்கின் பெயர் இருக்கும். என்விஎம்இ வகை எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினியில் 'எஸ்டிஏ' என்று முதலில் வருவது பெரும்பாலும் உங்கள் பென் டிரைவ். உள்ளே இருக்கும் டிஸ்க்கின் பெயர் 'என்விஎம்இ' என்று தொடங்கும். பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். ஜிபார்ட்டட் 1024-இன் மடங்கில் கணக்கிடுவதால் 512 ஜிபி டிஸ்க் ஏறக்குறைய 477 என்றும், 1 டிபி டிஸ்க் ஏறக்குறைய 931 என்றும் தெரியும். உள்ளே இருக்கும் டிஸ்க்கே பட்டியலில் இல்லையென்றால், பயாஸில் டிஸ்க் கட்டுப்பாடு 'ரெய்ட்' முறையில் இருக்கலாம். விவரம் தெரியாமல் அதை மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகும் என்பதால் அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எது சி? சி, டி என்ற எழுத்துகள் விண்டோஸ் தன் வசதிக்கு வைத்துக்கொண்டவை. இங்கே அவை இருக்காது. அளவு, லேபிள், பயன்படுத்திய இடம் ஆகிய மூன்றையும் வைத்து அடையாளம் காணுங்கள். முன்கூட்டியே டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துவைத்திருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எளிது. தொடக்கத்தில் 100 எம்பி அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று இருக்கும்; அதுதான் இஎஃப்ஐ. கணினி பூட் ஆக அது வேண்டும். அடுத்து 16 எம்பி-யில் மைக்ரோசாஃப்ட் ஒதுக்கிய சிறு பகுதி. இவை இரண்டையும் தொடாதீர்கள்.

மூன்றாவது, எச்சரிக்கைக் குறி இருக்கிறதா? மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அந்த வரியில் வலச்சொடுக்கு செய்து 'இன்ஃபர்மேஷன்' பாருங்கள். பெரும்பாலும் விண்டோஸ் முழுதாக அணையவில்லை என்பதுதான் காரணம். கோப்பு முறைமை என்ற இடத்தில் 'பிட்லாக்கர்' என்று இருந்தால் குறியாக்கம் இன்னும் நீங்கவில்லை. இரண்டுக்கும் தீர்வு ஒன்றே: விண்டோஸுக்குத் திரும்பிச் சரிசெய்துவிட்டு வருவது. பூட்டுப் படம் தெரிந்தால் அந்தப் பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருக்கிறது. வலச்சொடுக்கில் 'அன்மவுன்ட்' அல்லது 'ஸ்வாப்ஆஃப்' கொடுங்கள்.

பயிற்சி 1: சி-யைச் சுருக்கிப் புதிய இடம் உண்டாக்குதல்

512 ஜிபி எஸ்எஸ்டி. சி-யில் 140 ஜிபி பயன்பாட்டில் இருக்கிறது. லினக்ஸுக்கு 120 ஜிபி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

1. சி-யின் வரியில் வலச்சொடுக்கு செய்து 'ரீசைஸ்/மூவ்' தேர்ந்தெடுங்கள்.
2. வரும் சாளரத்தில் மூன்று எண்கள் இருக்கும். 'ஃப்ரீ ஸ்பேஸ் பிரிசீடிங்' என்பது இடப்பக்கக் காலியிடம். அது இருந்தபடியே இருக்க வேண்டும். 'ஃப்ரீ ஸ்பேஸ் ஃபாலோயிங்' என்பது வலப்பக்கக் காலியிடம். அங்கே 122880 என்று இடுங்கள். 120-ஐ 1024-ஆல் பெருக்கினால் வரும் எம்பி கணக்கு அது. சுட்டியால் இழுப்பதைவிட எண்ணைத் தட்டச்சு செய்வது பாதுகாப்பு. இழுக்கும்போது இடது விளிம்பு தெரியாமல் நகர்ந்துவிடலாம்.
3. 'அலைன் டு' என்ற இடத்தில் எம்ஐபி என்றே இருக்கட்டும். 1 எம்பி எல்லையில் பார்ட்டிஷன் தொடங்கினால் எஸ்எஸ்டி-யும் 4096 பைட் செக்டார் கொண்ட டிஸ்க்குகளும் முழு வேகத்தில் ஓடும்.
4. 'ரீசைஸ்/மூவ்' பொத்தானை அழுத்துங்கள். இன்னும் டிஸ்க்கில் ஒன்றும் நடக்கவில்லை. கீழே வேலைப் பட்டியலில் ஒரு வரி சேர்ந்திருக்கும். வேண்டாமென்றால் 'அன்டூ' கொடுத்து நீக்கலாம்.
5. அந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள். அதில் 'ஷ்ரிங்க்' என்ற சொல் மட்டும் இருக்க வேண்டும். 'மூவ்' என்று இருந்தால் இடது விளிம்பு நகர்ந்துவிட்டது. அன்டூ செய்து மறுபடி தொடங்குங்கள்.
6. சரியாக இருந்தால் மேலே உள்ள டிக் குறியை, அதாவது 'அப்ளை'யை அழுத்துங்கள்.

இப்போது திறக்கும் சாளரத்தில் 'டீடெய்ல்ஸ்' அம்பை விரித்துப் பாருங்கள். முதலில் கோப்பு முறைமையில் பிழை இருக்கிறதா என்ற சோதனை. அடுத்து, சுருக்கினால் சரியாக வருமா என்று எதையும் எழுதாமல் ஓர் ஒத்திகை. அது தேறினால் உண்மையான சுருக்கல். கடைசியாகப் பார்ட்டிஷனின் எல்லை உள்ளே வருகிறது. ஒத்திகையிலேயே பிழை வந்தால் ஜிபார்ட்டட் அங்கேயே நின்றுவிடும். உங்கள் தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஓடும்போது 'கேன்சல்' அழுத்தாதீர்கள். பட்டை நெடுநேரம் அசையாமல் நின்றாலும் பொறுத்திருங்கள்.

முடிந்ததும் 120 ஜிபி 'அன்அலகேட்டட்' என்று சாம்பல் நிறத்தில் தெரியும். லினக்ஸ் நிறுவ என்றால் அப்படியே விட்டுவிடலாம். நிறுவி அதை எடுத்துக்கொள்ளும். தரவு வைக்க டி டிரைவாக வேண்டுமென்றால், அதில் வலச்சொடுக்கு செய்து 'நியூ' கொடுத்து, என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுத்து, லேபிள் இட்டு, மீண்டும் அப்ளை.

பயிற்சி 2: டி-யிலிருந்து எடுத்துச் சி-க்குக் கொடுத்தல்

500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சி 150 ஜிபி, அதன் வலப்பக்கத்தில் டி 315 ஜிபி. சி-க்கு இன்னும் 80 ஜிபி வேண்டும். காலியிடம் சி-யை ஒட்டி வலப்பக்கத்தில் கிடைக்க வேண்டும் என்றால் டி-யின் இடது விளிம்பு நகர்ந்தாக வேண்டும்.

நேர்வழி, டி-யை 235 ஜிபி-யாகச் சுருக்கி வலப்பக்கம் தள்ளுவது. ஜிபார்ட்டட் செய்யும். ஆனால் அந்த 235 ஜிபி-யும் படிக்கப்பட்டு எழுதப்பட வேண்டும். ஒரே டிஸ்க்கில் படித்து எழுதும் வேகம் வினாடிக்கு 50 எம்பி என்று வைத்தால்கூட 80 நிமிடம் ஆகும். பழைய டிஸ்க்கில் இன்னும் கூடும். அவ்வளவு நேரமும் மின்சாரம், டிஸ்க், கேபிள் எதுவும் பிசகக் கூடாது.

நான் பரிந்துரைப்பது வேறு வழி. டி-யில் உள்ள எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துச் சரிபாருங்கள். பேக்கப்புக்காக எப்படியும் செய்ய வேண்டிய வேலைதானே அது. பிறகு டி-யை நீக்கி, சி-யின் வலது விளிம்பை 80 ஜிபி நீட்டி, மீதியில் புதிய டி உருவாக்கி, கோப்புகளைத் திரும்ப வையுங்கள். இந்த வழியில் எந்த இடது விளிம்பும் நகர்வதில்லை. எந்த நொடியிலும் உங்கள் தரவின் ஒரு முழுப் பிரதி வெளியே பத்திரமாக இருக்கிறது. டி-யில் மென்பொருள்களை நிறுவியிருந்தால் மட்டும் அவற்றை மறுபடி நிறுவ வேண்டிவரலாம்.

சி-க்கும் டி-க்கும் நடுவே சில நூறு எம்பி அளவில் 'ரெக்கவரி' பார்ட்டிஷன் குறுக்கே நின்றால், அதை நகர்த்துவதில் நேரம் அதிகம் போகாது; அளவு சிறியது. ஆனால் விண்டோஸ் அதன் இருப்பிடத்தைக் குறித்து வைத்திருக்கிறது. எனவே முன்னதாக விண்டோஸில் கமாண்ட் பிராம்ட்டை நிர்வாகியாகத் திறந்து 'ரீஏஜென்ட்சி' கட்டளையால் மீட்பு வசதியை முடக்கிவிட்டு, நகர்த்தியபின் மீண்டும் இயக்குங்கள். அந்தப் பார்ட்டிஷனை 'வேண்டாத குப்பை' என்று நீக்கிவிடாதீர்கள். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு மேம்பாடு, இந்தப் பகுதியில் 250 எம்பி காலியிடம் இல்லாததால் பல கணினிகளில் நிறுவ முடியாமல் நின்றது. சின்னதாக இருந்தாலும் அதற்கு வேலை இருக்கிறது.

வேலை முடிந்ததும்

ஜிபார்ட்டட்டை மூடி, கணினியை அணைத்து, பென் டிரைவை எடுத்துவிட்டு விண்டோஸை இயக்குங்கள். 'செக் டிஸ்க்' தானாக ஓடலாம். அளவு மாறிய டிரைவை விண்டோஸ் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறது. குறுக்கிடாமல் முடிய விடுங்கள். உள்ளே போனதும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மறுபடி நுழையுங்கள். புதிய டிரைவுக்கு எழுத்து வரவில்லையென்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் கொடுக்கலாம். லினக்ஸ் போடுவதாக இருந்தால், விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கிறது என்று பார்த்தபின் அதைத் தொடங்குங்கள்.

தவறு நேர்ந்தால்

டிஸ்க் முழுதும் 'அன்அலகேட்டட்' என்று தெரிகிறது அல்லது தவறான பார்ட்டிஷனை நீக்கிவிட்டீர்கள் என்றால், முதல் விதி: எதையும் எழுதாதீர்கள். 'கிரியேட் பார்ட்டிஷன் டேபிள்' என்ற கட்டளையின் பக்கமே போகாதீர்கள். பெரும்பாலும் தொலைந்தது பதிவேட்டின் வரி மட்டுமே. உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். ஜிபார்ட்டட் லைவிலேயே டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் இருக்கிறது. டெர்மினலில் அதைத் திறந்து 'அனலைஸ்', பிறகு 'குயிக் சர்ச்' கொடுத்தால் தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடிப் பட்டியலிடும். அதில் உங்கள் பார்ட்டிஷனின் மேல் பி விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்கள் தெரியும். பெயர்கள் சரியாக வந்தால் மட்டும் 'ரைட்' கொடுத்துப் பதிவேட்டைத் திரும்ப எழுதுங்கள்.

நீக்கியதோடு நிற்காமல் ஃபார்மட்டும் செய்துவிட்டால் நிலைமை வேறு. ஹார்ட் டிஸ்க்கில் அப்போதும் ஓரளவு மீட்க வாய்ப்புண்டு. எஸ்எஸ்டி-யில் ஃபார்மட் செய்யும் மென்பொருள், 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று டிஸ்க்குக்கே சொல்லிவிடுகிறது. அதன்பின் எந்த மீட்பு மென்பொருளாலும் பெரும்பாலும் பயனில்லை. எஸ்எஸ்டி பரவலாகிவிட்ட இந்தக் காலத்தில் பேக்கப் இல்லாமல் டிஸ்க்கைப் பிரிக்க வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். எல்லாம் சரியாக முடிந்த பிறகும் அந்த வெளி டிஸ்க்கை உடனே அழித்துவிடாதீர்கள். நீங்கள் அன்றாடம் திறக்கும் கோப்புகள் எல்லாம் புதிய அமைப்பில் சரியாகத் திறக்கின்றன என்று சில நாட்கள் பார்த்த பிறகே அது வேறு வேலைக்குப் போகட்டும்.